சத்ரியா ஜிடிஐ: இன்ஜினை மாற்றும் முன் கிராண்டைப் பாருங்கள்

1990-களின் கடைசியில் சாலைக்கு வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இன்று 20 வயதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் நல்ல நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்க ஆள் இருக்கிறது. மூன்று கதவு, மிட்சுபிஷி வழிவந்த 1.8 லிட்டர் இன்ஜின், ஏறத்தாழ 140 குதிரைத்திறன், ரெக்காரோ இருக்கை. 1996-இல் புரோட்டோன் வசமான லோட்டஸ் நிறுவனம்தான் இதன் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தியது. வளைவுகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். நம் இளைஞர்கள் பலருக்குக் கைக்கு எட்டும் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

இக்காரைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்கள் முதலில் செலவு செய்வது கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு. புதிதாக வாங்குபவரோ முதல் மாதமே ரிம், எக்சோஸ் என்று பணத்தை இறைத்துவிடுகிறார். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதில்லை. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். முன்னவர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு புதிது போடுவதே நல்லது. ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஆகியவையும் 20 ஆண்டு வெயிலில் வெந்தவையே. தேய்ந்த புஷ்ஷை மாற்றாமல் விலையுயர்ந்த அப்சோர்பர் பூட்டினால் பலன் இல்லை.

காரைத் தாழ்த்துவதிலும் யோசனை வேண்டும். தீபாவளிக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் நுழைந்தால், ஒரு கல் போதும், எண்ணெய்த் தொட்டி உடைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இன்ஜின் மாற்றம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் ‘ஹாஃப்-கட்’ கார்களின் இன்ஜின்கள் இங்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. சத்ரியாவுக்கு அதிகம் தேடப்படுவது லான்சர் ஜிஎஸ்ஆரின் டர்போ இன்ஜின். அதன் சக்தி சுமார் 195 குதிரைத்திறன். அத்தனை வேகத்துக்குப் பழைய பிரேக்கும் கிளட்சும் தாங்காது. அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இரண்டு இன்ஜினுமே 1,834 சிசி. சாலை வரி கூடாது என்பதால், ஜேபிஜேவுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறான எண்ணம். சிசி மாறாவிட்டாலும் இன்ஜின் எண் மாறிவிடுகிறது. கிராண்டில் ஓர் எண்ணும் இன்ஜினில் வேறோர் எண்ணும் இருந்தால், பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறாது. சாலைச் சோதனையில் பிடிபட்டால் காரையே இழுத்துச் செல்லவும் இடமுண்டு. எனவே ஜேபிஜேயின் அனுமதி முதலில், பட்டறை வேலை பிறகு. இன்ஜின் விற்கும் கடையில் ரசீதையும் இறக்குமதி ஆவணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அவற்றைத் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்தாக வேண்டும். மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம். இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. பெரும்பாலோர் கையிலுள்ள சேமிப்பைத்தான் போடுகிறார்கள். போனால் முழுத் தொகையும் போய்விடும்.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று: 1.3, 1.5, 1.6 லிட்டர் சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் சின்னமும் மாட்டி விற்பவர்கள் உண்டு. பம்பரை விட்டுவிட்டுக் கிராண்டில் சிசியைப் பாருங்கள். பிறகு டார்ச் லைட்டைப் பிடித்து இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். “கிராண்ட் வீட்டில் இருக்கிறது தம்பி, அடுத்த வாரம் தருகிறேன்” என்று சொன்னால், முன்பணத்தையும் அடுத்த வாரமே கொடுக்கலாம்.