வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? கடைசித் தொகையை முதலில் எழுதுங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் எப்போதும் இரண்டு தொகைகள் உண்டு. தொடங்கும்போது நாம் சொல்வது ஒன்று. முடிந்த பிறகு கூட்டிப் பார்த்தால் வருவது இன்னொன்று. வானொலியில் குடும்ப வரவு செலவு பற்றிப் பேசும் நாள்களில், “30 ஆயிரம் வெள்ளி என்று ஆரம்பித்தோம்மா, 45-ல் போய் நின்றது” என்று அழைத்துச் சொல்லும் நேயர் ஒருவராவது இருப்பார்.

இது நம்மவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2002-ல் சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்கக் குடும்பங்களிடம் ஓர் ஆய்வில் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்த செலவு சராசரியாக 18,658 டாலர். கடைசியில் ஆனது 38,769 டாலர். வல்லுநர்களும் தப்பவில்லை. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கிய சிட்னி ஓப்பரா மாளிகை, 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவில், பத்து ஆண்டு தாமதமாக 1973-ல்தான் திறக்கப்பட்டது.

எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று நம்பித் திட்டம் போடும் இந்த இயல்பைப் பற்றி உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். அவர்கள் காட்டிய வழி எளியது: உங்கள் திட்டத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அதே வேலையைச் செய்து முடித்தவர்களுக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்று கேளுங்கள்.

பிரிஞ்சாங்கில் இருக்கும் என் பெரியப்பா, அடுப்படியையும் குளியலறையையும் மாற்ற வேண்டும் என்றபோது அதைத்தான் செய்தோம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டிலிருந்து வெளியேறி, சொந்தமாக வாங்கிய சிறிய தரை வீடு. ஊழியர் சேமநிதிப் பணத்தில் இதற்கென ஒதுக்கியது 40 ஆயிரம் வெள்ளி. “இந்தக் காசு திரும்ப வராதும்மா, பார்த்துச் செய்யணும்” என்றார்.

குத்தகையாளர் கொடுத்த மதிப்பீடு 32 ஆயிரம். கைவசம் 40 இருக்கிறதே, போதும் என்றுதான் தோன்றும். அதே வரிசையில் வீட்டைப் புதுப்பித்த மூன்று குடும்பங்களிடம் விசாரித்தோம். முதலில் பேசிய தொகையைவிட மூவருக்குமே கால் பங்காவது கூடியிருந்தது.

மலையில் ஏன் கூடுகிறது?

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலையேறி வர வேண்டும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் லோரி பாதையில் நின்றுவிட்டால், ஆள்களின் கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பனிமூட்டத்தில் பூச்சு காயத் தாமதமாகும். மலிவான மரத்தூள் பலகையில் செய்த கெபினெட் ஈரத்தில் உப்பிவிடும்.

இன்னொன்று, நம் வீடுகளின் வழக்கமான கெடு: “தீபாவளிக்குள் முடிக்கணும்.” கேமரன் மலையில் மழை கொட்டும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். அந்த நேரத்தில் கூரையைப் பிரிப்பது கையிருப்பையும் சேர்த்துப் பிரிப்பது போலத்தான். பெரியப்பா வீட்டு வேலையை மழை குறைந்திருக்கும் ஜூன் மாதத்தில் தொடங்கினோம்.

கணக்கை எப்படிப் போட்டோம்?

முதலில் 40 ஆயிரத்திலிருந்து 8 ஆயிரத்தை எடுத்து வைத்தோம். எதிர்பாராத வேலைக்கு மட்டுமே அதைத் தொடுவது என்று முடிவு. அடுத்து, மதிப்பீட்டில் இல்லாத செலவுகள்: குப்பை அகற்றுவது, லோரிக் கூலி, அனுமதிக் கட்டணம், அடுப்படி இல்லாத நாள்களின் சாப்பாடு. இதற்கு 4 ஆயிரம். மிச்சம் 28 ஆயிரம்.

அதற்குள் வேலையை அடக்கக் கட்டாயம், தேவை, ஆசை என்று மூன்றாகப் பிரித்தோம். ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, பின்பக்கக் கால்வாய் கட்டாயம். புதிய சிங்க், கெபினெட், வழுக்காத குளியலறைத் தரை தேவை. வரவேற்பறை அலங்காரக் கூரை ஆசை. அதை நீக்கியதும் மதிப்பீடு 27,500-க்கு இறங்கியது. பெரியம்மாவுக்கு வருத்தம்தான்.

பழைய ஓடுகளை உடைத்தபோது பின்சுவர் முழுக்க ஈரம் ஊறியிருந்தது. சரிசெய்ய 5,200 வெள்ளி. ஒதுக்கிய 8 ஆயிரம் இருந்ததால் வேலை நிற்கவில்லை, கடனும் வாங்கவில்லை. மீதி 2,800 வெள்ளியைப் பெரியப்பா தொடவில்லை.

பணம் கொடுக்கும் முன்

குத்தகையாளர் கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிந்தவரா என்று பாருங்கள். எந்த வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரிய முன்பணம் வேண்டாம். வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒரு பகுதியைக் கடைசிவரை கையில் வையுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50 ஆயிரம் வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் ஒப்பந்தமும் வேண்டும்.

வீட்டை நீட்டிக் கட்டுவதானால் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மாவட்ட மன்றத்தின் அனுமதி அவசியம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துப் பின்பக்கச் சரிவை வெட்டாதீர்கள். 2014 நவம்பரில் ரிங்லெட் வட்டாரத்தில் மண் சரிந்து உயிர்கள் போனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

இளையோருக்கு ஒன்று. சேமநிதியின் வீட்டு மீட்பு, வீடு வாங்கவும் கட்டவும் வீட்டுக் கடனைக் குறைக்கவும்தான், புதுப்பிக்க அல்ல. 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அதுவும் முதுமைக்கான பணமே. அம்மா அப்பாவின் சேமநிதியில் வீட்டைப் புதுப்பிக்கும் பிள்ளைகள், வேலை தொடங்கும் முன் அவர்களுடைய ஓராண்டு மருந்து, சாப்பாடு, மின்கட்டணத்தைக் கூட்டித் தனியே எடுத்து வையுங்கள். புதிய அடுப்படி வந்த பிறகு, அதில் சமைக்க அரிசி வாங்கவும் பணம் இருக்க வேண்டும்.