உங்களுக்குத் தெரியுமா? மண்ணீரலின் பழைய வேலை

கருவில் இருக்கும் குழந்தைக்கு ரத்த அணுக்களைத் தருவதில் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் பங்குண்டு. பிறந்த பிறகு அந்தப் பொறுப்பு எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடுகிறது.

புற்றுநோய் முற்றும்போது மண்ணீரல் பழைய வேலையை மீண்டும் தொடங்குவதுண்டு. உதவிதானே என்று தோன்றும்; பெரும்பாலும் கெடுதல்தான். கட்டி அனுப்பும் வேதிச் செய்திகளால் அங்கே முதிராத வெள்ளணுக்கள் பெருகுகின்றன. புற்றணுக்களைக் கொல்லும் டி அணுக்களுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அவசியம். அதையே இந்த முதிராத வெள்ளணுக்கள் சிதைத்துத் தீர்த்துவிடுகின்றன.

சிவப்பணுக்களின் கதையும் வியப்பானது. முற்றிய கட்டியால் வரும் ரத்தசோகையை ஈடுகட்ட மண்ணீரலில் பெருகும் இளம் சிவப்பணுக்களும் நோய் எதிர்ப்பாற்றலை அடக்குவதாக 2018இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

நுரையீரல் புற்றுநோய் கொண்ட ஆய்வக எலிகளில் மண்ணீரலை அகற்றியபோது கட்டியின் வளர்ச்சி மந்தமானது. மனிதர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை அல்ல.