நின்றுபோன கிராமபோன் பெட்டி: எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம்!

இரண்டு, மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பங்களில், பரண் மேல் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடப்பதுண்டு. "ஓடாத பெட்டிதானே" என்று பழைய சாமான் வண்டிக்காரரிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஓடாத பெட்டியெல்லாம் கெட்ட பெட்டி அல்ல. பெரும்பாலும் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டிக்கும் கடை வியாபாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பன்தான் பின்னாளில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டுகளை வெளியிட்டு, ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1930களில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய காலத்தில், மின்சாரம் எட்டாத ஊர்களிலும் பாட்டுக் கேட்க வழிசெய்தது இந்தச் சாவிப் பெட்டிதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

முக்கியமானவை மூன்று. சுருள் ஸ்பிரிங் அடங்கிய வட்ட டப்பா, அதன் விசையைத் தட்டுக்குக் கொண்டு செல்லும் பல்சக்கரங்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். ஆயில் என்ஜின் வைத்து நீர் இறைத்தவர்களுக்குக் கவர்னர் புதிதல்ல. மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகளில் பொருத்திய மூன்று சிறு குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், அதனால் ஒரு வட்டத் தகடு நகர்ந்து, தோல் அல்லது கம்பளித் துண்டில் உராயும், வேகம் மட்டுப்படும்.

முதலில் பாதுகாப்பு

கை வைக்குமுன் பிரேக்கை விடுவித்து, முறுக்கு முழுவதும் இறங்கும்வரை தட்டை ஓடவிட வேண்டும். முறுக்கு இருக்கும்போது கவர்னரைக் கழற்றினால் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று பற்கள் நொறுங்கும். விரல் சிக்கினால் விரலுக்கும் ஆபத்து. முறுக்கு இறங்கிய பின்னும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் அழுந்தியே இருக்கும். அதை வெளியே எடுப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை. பெட்டி ஓடவே மறுத்து, முறுக்கு உள்ளேயே நின்றிருந்தாலும் அவரிடமே கொடுங்கள்.

கோளாறும் காரணமும்

1. சாவி எவ்வளவு சுற்றினாலும் இறுகவில்லை என்றால், ஸ்பிரிங் அறுந்திருக்கும் அல்லது கொக்கியிலிருந்து நழுவியிருக்கும். முனை மட்டும் ஒடிந்திருந்தால் புதிய துளை போட்டுச் சரிசெய்ய வாய்ப்புண்டு. நடுவில் அறுந்தால் அதே அகலம், அதே கனம், அதே நீளத்தில் வேறு ஸ்பிரிங் வேண்டும்.

2. ஓடும்போது 'டொக்' என்று அதிர்ந்தால், பழைய கிரீஸ் இறுகி, ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன என்று பொருள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராபைட் கலந்த கிரீஸ் தடவ வேண்டும்.

3. பாட்டின் நடுவே இழுத்து நின்றால், பல்சக்கரங்களில் பிசுக்கு ஏறியிருக்கும் அல்லது கவர்னரின் கம்பளித் துண்டு காய்ந்திருக்கும். சுத்தம் செய்து, தாங்கிகளுக்கும் அந்தத் துண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். நம் கடையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

4. அடங்காமல் ஓடினால், உராய்வுத் துண்டு தேய்ந்திருக்கும் அல்லது குண்டு தாங்கும் தகடு ஒடிந்திருக்கும். ஒன்று ஒடிந்தாலும் மூன்றையும் ஒரே கனத்தில் மாற்றுவதே நல்லது.

வேகம் சரிதானா?

தராசு முள் நடுவில் நிற்க வேண்டியதைப் போல, தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பாட்டு ஓடும்போதே அரை நிமிடம் எண்ணுங்கள். 39 வந்தால் சரி. 83 சுற்று ஆகிவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை கூடிவிடும். பாடியவர் குரலே மாறிக் கேட்கும். வேகத் திருகை மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகச் சாவி கொடுங்கள். இரும்பு ஊசியையும் மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டை அறுத்துவிடும். அரக்குத் தட்டுகளை மட்டுமே இதில் போட வேண்டும். பிற்காலத்து எல்.பி. தட்டுகளைப் போட்டால் அவை பாழாகும்.

சரக்கைத் தெரிந்து கொள்ளுங்கள்

சந்தையில் பளபளக்கும் பித்தளைப் புனலோடு 'புராதன கிராமபோன்' என்று விற்கப்படுபவற்றில் பல, புதிதாகச் செய்த பெட்டிகள். உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் பழைய பெட்டிகளைக் கழற்றி எடுத்தது. நாம் எடைக்குப் போடும் கைப்பெட்டி அப்படித்தான் உறுப்பு உறுப்பாகப் பிரிகிறது. அசல் பெட்டி அழிகிறது. போலிக்கு நல்ல விலை கிடைக்கிறது.

கொள்முதலில் ஏமாறாத நாம், பரண் மேல் உள்ள சொந்தச் சரக்கில் ஏமாறலாமா? விற்பதானாலும் ஓடவிட்டுப் பார்த்து விற்போம். வைத்துக்கொள்வதானால், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முறுக்கை இறக்கி வைப்போம்.