உப்புக்குள்ளும் வலம்புரி, இடம்புரி!

திருப்பதி சங்குக் கடைகளில் வலம்புரி கேட்டால் வியாபாரியின் முகமே மாறிவிடும். அபூர்வப் பொருள், விலையும் அப்படி. (உயிரியல் நூல்கள் இதையே இடம்புரி வகையில் சேர்த்திருக்கின்றன என்பது வேறு விஷயம்!) சங்கின் சுழி பரம்பரையில் வருவது. ஆனால் தாய் தகப்பன் இல்லாத வெறும் உப்பிலும் இந்த பேதம் தோன்றுகிறதே, அது எப்படி?

சோடியம் குளோரேட் என்றோர் உப்பு. வெளிநாடுகளில் தண்டவாள ஓரத்துக் களைகளை அழிக்கத் தெளித்திருக்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும்போது இதற்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. பரலாக உறையும்போதுதான் அணுக்கள் முறுக்கிய வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. முறுக்கு வலம்புரியாகவும் அமையலாம், இடம்புரியாகவும் அமையலாம்.

1898-ல் கிப்பிங், போப் என்ற இரு பிரிட்டிஷ் ரசாயன அறிஞர்கள் 3,000-க்கும் மேற்பட்ட பரல்களைப் பொறுமையாக எண்ணினார்கள். ஏறக்குறைய சரிபாதி! நாணயம் சுண்டியது போலத்தான்.

1990-ல் அமெரிக்காவில் திலீப் கொண்டெபூடி (பெயரிலேயே தெலுங்கு மணம்) குழுவினர் ஒரு சிறு மாறுதல் செய்தனர். உறையும்போதே கரைசலைக் கலக்கிக்கொண்டிருந்தனர். விளைந்த பரல்களில் 99.7 சதவீதம் ஒரே வகை! ஒரு பாத்திரத்தில் வலம்புரி என்றால் இன்னொன்றில் இடம்புரி.

அசையாத கரைசலில் ஒவ்வொரு பரலும் தனித்தனியே பிறக்கிறது. கலக்கும்போதோ முதலில் பிறந்த பரல் மோதிச் சிதறுகிறது. துணுக்குகள் யாவும் அதே முறுக்கில் வளர்ந்து, கரைந்திருக்கும் உப்பை எடுத்துக்கொள்கின்றன. மற்ற முறுக்கு தலையெடுக்க வழியில்லை. முதற்பரல் எந்த வகை என்பது மட்டும் தற்செயல்.

ஆய்வுக்கூட விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருந்துகள் பலவற்றின் மூலக்கூறுகளிலும், ஆளும் கண்ணாடிப் பிம்பமும் போல இரு வகை உண்டு. காசநோய்க்குத் தரும் எதாம்புடாலில் வலவகைதான் கிருமியை அடக்கும். இடவகைக்கு அந்த வலு மிகக் குறைவு. ஆலையிலோ அதன் மூலப்பொருள் இரண்டும் கலந்தே கிடைக்கிறது. பிரித்தெடுக்க உதவுவது டார்டாரிக் அமிலம். சித்தூர்ப் புளிக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம்தான்; உயிருள்ள மரம் செய்வதால் அதில் ஒரே வகைதான் இருக்கும். கலவையில் இதைச் சேர்த்தால் வேண்டிய வகை இதனோடு கூடி, பரலாக உறைந்து அடியில் இறங்கும். மற்றது பெரும்பாலும் திரவத்திலேயே தங்கிவிடும். வடிகட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.