வெற்றிக் கதையின் நடுப்பகுதி எங்கே?

குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்போர்ட் எனக் கிழக்கு இலண்டனின் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் வாழும் எம்மவர்க்குச் சனிக்கிழமை மாலை என்பது மண்டபத்துக்குரிய மாலை. பூப்புனித நீராட்டு விழா இருக்கும். இல்லையேல் பழைய மாணவர் சங்கம். அதுவும் இல்லையேல் ஊர்ச்சங்கம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி என உலகின் பல நாடுகளிலும் கடமையாற்றிய எம்மவரை அழைத்து, அவர்தம் தொழில் அனுபவங்களைச் சபையில் பகிரச் செய்யும் ஒன்றுகூடல் அது. இளையோர் தொழில்வல்லுநரோடு அறிமுகமாக வேண்டும், அந்த அறிமுகத்தால் ஒரு வழி திறக்க வேண்டும் என்பது அமைப்பாளரின் நோக்கம். நல்ல நோக்கமே. 6 மணிக்கென அறிவித்து 7.15க்குத் தொடங்குவதையும், மங்கல விளக்கேற்ற ஒன்பது பேரை மேடைக்கு அழைப்பதையும் நாம் குறையாகச் சொல்லப் போவதில்லை. ரோல்ஸும் தேநீரும் குறைவின்றிக் கிடைக்கின்றன.

நாம் சொல்லவந்த குறை வேறு. இம்மாலைகளில் பேசுவோரின் கதை பெரும்பாலும் ஒரே வாய்ப்பாட்டில் அமைந்திருக்கக் காண்கிறோம். "வெறுங்கையோடு இந்நாட்டில் வந்து இறங்கினேன்" என்று ஒரு வாக்கியம். "பிறகு" என்று ஒரு சொல். அடுத்த வாக்கியத்தில் அவர் ஜெனீவாவில் இருப்பார், அல்லது நைரோபியில் ஒரு திட்டத்துக்குத் தலைமை தாங்கிக் கொண்டிருப்பார். சபை கைதட்டும். முன்வரிசையில் இருத்தப்பட்ட பிள்ளைகளை நோக்கி, "நீங்களும் இவரைப் போல் வரவேண்டும்" என்று அறிவிப்பாளர் கூறுவார். பின்வரிசையில் இருக்கும் தகப்பன்மார் தரையைப் பார்ப்பார்கள். அவர்களிலும் பட்டதாரிகள் உளர். பெற்றோல் நிலையத்தின் இரவு வேலைக்கு எழும்ப வேண்டியதால் அவர்கள் பாதியில் புறப்பட்டும் விடுவார்கள்.

குட்மேய்ஸில் நாம் சென்றிருந்த அத்தகைய மாலை ஒன்றில் அந்த வாய்ப்பாடு குலைந்தது. அன்று பேசியவர் ஒரு நீர்வழங்கல் பொறியியலாளர். எழுபது வயதைக் கடந்தவர். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் கிணறும் குழாயும் அமைத்து ஓய்வு பெற்றவர். அவர் வழக்கம்போல் பேசி முடித்தார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஊரில் பதினொரு ஆண்டுகள் வைத்தியசாலை விடுதியில் தாதியாகக் கடமையாற்றியவர். இங்கே முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் உதவியாளர். "ஐயா, குறை நினைக்கக் கூடாது. நீங்கள் 'பிறகு' எண்டு சொன்னீங்கள். அந்தப் பிறகு எத்தனை வருசம்?" என்று கேட்டார்.

சபை சற்றே சிரித்தது. பொறியியலாளர் சிரிக்கவில்லை. "ஏழு வருசம், பிள்ளை" என்றார். பின்னர் மேடையை விட்டிறங்கி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, அந்த ஏழு வருடங்களையும் சொல்லத் தொடங்கினார்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த வீட்டோடு சான்றிதழ்களும் எரிந்து போயின. இலண்டனில் தொழில்சார் நிறுவனம் ஒன்று மூலப்பிரதி கேட்டது. தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினார். இறுதியில், வேறொரு நாட்டிற் குடியேறியிருந்த பழைய விரிவுரையாளர் ஒருவர் சத்தியக்கடதாசி எழுதி அனுப்பினார். அதுவரை மூன்று வருடங்கள் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. முதற் பரீட்சையில் தோல்வி. இரண்டாவதற்குக் கட்டணம் செலுத்த மனைவியின் காப்பு அடகுக்குச் சென்றது. நேர்முகத் தேர்வொன்றில் தம் பெயரை மூன்று முறை எழுத்துக் கூட்டிச் சொல்லியும் பிழையாகவே எழுதிக்கொண்டார்கள் என்றார். அன்றைய மாலையின் உண்மையான உரை அதுவே. ஜெனீவாவையும் நைரோபியையும் ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சத்தியக்கடதாசியைப் பற்றி மாத்திரம் பதினைந்து பேர் கேட்டார்கள்.

பெரியோர் வாழ்வை எடுத்துக்கொண்டாலும் இதனையே காண்கிறோம். அ. சிவானந்தன் 1923 இல் பிறந்தவர், பொருளியல் பட்டதாரி, இலங்கை வங்கியில் முகாமையாளராக இருந்தவர். 1958 ஆம் ஆண்டின் தமிழருக்கெதிரான வன்செயலின் பின் இலண்டன் வந்து சேர்ந்தார். வந்த அதே ஆண்டில் நொட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்கள் மீது தாக்குதல்கள் வெடித்தன. ஒரு கலவரத்திலிருந்து தப்பி இன்னொன்றுக்குள் வந்து விழுந்தார் எனலாம். வங்கி முகாமையாளருக்கு இங்கே கிடைத்தது நூலகமொன்றில் தேநீர் கொடுக்கும் வேலை. அங்கிருந்தே நூலகர் பயிற்சி பெற்று, 1964 இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகரானார். 1973 இல் அதன் இயக்குநரானார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் பொறுப்பில் வெளிவந்த 'இனமும் வர்க்கமும்' என்னும் பொருள்படும் ஆங்கில ஏடு உலகெங்கும் படிக்கப்பட்டது. 2018 இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் சிந்தனையாளரைப் பேசின. எமது வாசகர்க்கு அந்தத் தேநீர்க் கோப்பையும் வேண்டும். வங்கியாளர் வங்கிக்கே திரும்பவில்லை, வேறு தொழிலுக்கு மாறினார் என்பதும் கவனத்துக்குரியது. பழைய தொழிலை மீட்பது ஒன்றே வெற்றி என்று எண்ணி வருந்துவோர் எம்மிடையே அதிகம்.

வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம் சட்டம் பயில 1930களில் இலண்டன் வந்தார். போர் மூண்டது; வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. சட்டப்படிப்பு முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் பத்திரிகைகளுக்கு எழுதினார். எழுத்தே அவருக்குத் தொழிலாயிற்று. 1965 இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சராகிய அவர், 1967 ஓகஸ்ட் 8 ஆம் நாள் பாங்கொக்கில் ஆசியான் அமைப்பின் பிரகடனத்திற் கையொப்பமிட்ட ஐவருள் ஒருவர். எமது மண்டபங்களில் இன்று அவர் பேச வந்தால், படிப்பை முடிக்காத கதையை அமைப்பாளர் சொல்ல விடுவாரா என்பது ஐயமே. பிள்ளைகள் கெட்டுப் போவார்களாம்.

சிரம்பான் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு உத்தியோகம் எமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே யாழ்ப்பாணத்தார் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞராகச் சென்றனர். மலாயன் பென்சனியர் என்ற சொல்லை எமது பாட்டன்மார் எவ்வளவு மரியாதையோடு உச்சரித்தனர்! பின்னர் 1970களில் ஆசிரியர்களும் கணக்காளர்களும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போயினர். ஆனால் அவர்கள் நியமனக் கடிதத்தோடு கப்பலேறியவர்கள், விமானமேறியவர்கள். எமது குடும்பங்களில் அநேகர் வந்த வழி அதுவன்று. 1987 பெப்ரவரியில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து தமது எதிர்ப்பைக் காட்டினர். அதே ஆண்டில் ஹாவிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்னும் கப்பலில் எம்மவர் தடுத்து வைக்கப்பட்டனர். ஒக்ரோபர் மாதப் புயலில் அக்கப்பல் கட்டறுத்துக் கொண்டது. உத்தியோகக் கதையையும் அகதிக் கதையையும் ஒரே தராசில் வைத்து, "அவர் வந்தார், உன்னால் ஏன் முடியவில்லை" என்று கேட்பது நீதியன்று.

பேராசிரியர் சேர் சபாரத்தினம் அருள்குமரனின் பெயர் இம்மாலைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது, தகும். அவர் அகதியாக வந்தவர் அல்லர் என்பதை முதலிலே சொல்லிவிடுவோம். 1972 இல் கொழும்பில் மருத்துவப் பட்டம் பெற்றார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பிரசவ வேளையில் சிசுவின் இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் துறையில் உலகறிந்த நிபுணரானார். நொட்டிங்ஹமிலும் பின்னர் இலண்டன் சென்ற். ஜோர்ஜ்ஸிலும் பேராசிரியர். 2007 இல் மகப்பேற்று, பெண்நோயியல் மருத்துவர்களின் றோயல் கல்லூரித் தலைவர். 2009 இல் சேர் பட்டம். 2013 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத் தலைவர். இப்பட்டியலை வாசித்து முடித்துக் கைதட்டி விடுகிறோம். 1972க்கும் 2007க்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் உள என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எமக்கு அவர் பதவிகளினும் பெரிதாகப் படுவது வேறொன்று. 2012 ஒக்ரோபரில் அயர்லாந்தின் கோல்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் என்னும் 31 வயதுப் பல்மருத்துவர் உயிரிழந்தார். கர்நாடகத்திலிருந்து கணவனோடு அங்கு குடியேறியவர். பதினேழாவது வாரத்திற் கருச்சிதைவு தொடங்கியிருந்தது. கருவைக் கலைக்குமாறு அவர் கேட்டும், கருவின் இதயத்துடிப்பு நிற்கவில்லை என்பதால் மறுக்கப்பட்டது. கிருமித்தொற்று குருதியிற் பரவிற்று. அம்மரணத்தை ஆராய அயர்லாந்துச் சுகாதார சேவை அமைத்த குழுவுக்குத் தலைவராக அழைக்கப்பட்டவர் அருள்குமரன். நோயாளி போதியவாறு கண்காணிக்கப்படவில்லை, சிகிச்சைக்கான தெரிவுகள் யாவும் அவருக்கு வழங்கப்படவில்லை என்று 2013 ஜூனில் வெளியான அறிக்கை கூறிற்று. சட்டமும் தெளிவாக்கப்பட வேண்டும் என்றது. 2018 இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து, கருக்கலைப்பைத் தடுத்து வைத்திருந்த அரசியலமைப்புப் பிரிவை நீக்கினர். ஒரு நாட்டில் அந்நியப் பெண்ணொருத்தி கேட்டும் கேட்கப்படாமற் போனதை, இன்னொரு நாட்டிலிருந்து சென்ற தமிழ் மருத்துவர் ஒருவர் ஏட்டிலே பதிந்து வைத்தார். சர்வதேசத் தொழில் வாழ்க்கை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தெரியாது.

ஆகவே இம்மாலைகளை நடத்துவோரிடம் எமது வேண்டுகோள் சிறியது. பேச வருவோரிடம் நடுப்பகுதியைக் கேளுங்கள். எந்தப் பரீட்சை, எத்தனை தரம், கட்டணம் யார் தந்தது, பிள்ளையை யார் பார்த்தது? வெளிநாட்டில் பயின்ற மருத்துவர்க்கு இங்கே பொது மருத்துவப் பேரவை நடத்தும் பரீட்சை இரு பகுதிகளைக் கொண்டது. அகதி மருத்துவர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. இதனை அறியாமல் கடன்பட்டோரை நாம் அறிவோம். தாதியர்க்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு என மூன்று வாயில்கள். சான்றிதழ் இல்லாதோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். 1997 இல் லிஸ்பன் நகரிற் கையொப்பமான உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, ஆவணங்களைக் காட்ட இயலாத அகதிகளின் உயர்கல்வித் தகைமையையும் மதிப்பிட வழிகாணுமாறு நாடுகளைக் கேட்கின்றது. பிரித்தானியாவும் அதனை ஏற்ற நாடு. எமது பொறியியலாளர் நான்கு கடிதம் எழுதிய காலத்தில் இப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கவில்லை.

காலமும் சட்டமும் மாறியதையும் பேச்சாளர் சொல்ல வேண்டும். 2002 ஆம் ஆண்டு வரை, தஞ்சம் கோரியோர் ஆறு மாதங்களின் பின் வேலை செய்ய அனுமதி கேட்க முடிந்தது. அவ்வாண்டு அச்சலுகை நீக்கப்பட்டது. முன்னே வந்தவர் பெற்றோல் நிலையத்தில் நின்றாவது கட்டணம் சேர்த்தார். பின்னே வந்தவர்க்கு நீண்ட காத்திருப்பில் அதுவும் இல்லை. "நாங்கள் எல்லாம் இரண்டு வேலை செய்தோம்" என்று மேடையிற் சொல்பவர், கேட்போரில் ஒருவருக்கு ஒரு வேலைக்கும் அனுமதியில்லை என்பதை உணர்வதில்லை.

அன்றைய மாலைக்குத் திரும்புவோம். அந்தத் தாதி ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் இருமுறை தவறியவர். பராமரிப்பு இல்லத்தின் இரவு வேலைக்குச் செல்லும்போது பார்லி லேன் வழியாக, கிங் ஜோர்ஜ் மருத்துவமனையைத் தாண்டித்தான் போவாராம். "உள்ளே வெளிச்சம் எரியும். விடுதியில கைமாறுற நேரம் எண்டு எனக்கு விளங்கும்" என்றார். அதற்கு எவரும் பதில் சொல்லவில்லை. பின்னர் முன்வரிசையிலிருந்த பதினேழு வயது மாணவி ஒருத்தி, அவ்வருடம் உயர்தரத்தில் ஆங்கிலம் பயில்பவள், எழுந்து வந்தாள். "அன்ரி, ஞாயிற்றுக்கிழமையில நான் வீட்டிலதான் நிற்பன். கட்டுரை எழுதிக் கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்றாள்.

மண்டபக் காவலர் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். வாசலில் பொறியியலாளரும் தாதியும் மாணவியும் ஒரு கடதாசியில் எதையோ எழுதிக்கொண்டு நின்றனர். ரொம்போர்ட் செல்லும் 86 ஆம் இலக்க பஸ் வந்து நின்று போயிற்று. அடுத்ததில் ஏறலாம் என்றார் அவர்.