நம்ம பக்கத்து மண்ணில் தகடு முளைத்த டைனோசர்! தெரியுமா?

புதுக்கோட்டையில் பஸ் ஏறி திருச்சியில் மாறினால், அரை நாளுக்குள் ஒரு கடலின் அடித்தரையில் போய் இறங்கலாம், தெரியுமா? அரியலூரைத்தான் சொல்கிறேன்! எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலையடித்தது. ஓடைக்கரையில் குனிந்து தேடினால் ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட, அம்மோனைட் என்னும் கடல் உயிரின் கல்லாகிப்போன ஓடு கிடைக்கும். நம் புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையில் இதெல்லாம் கிடைக்காது. அந்தக் கருங்கல் டைனோசரைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. பூமிக்குள் வெந்து இறுகிய பாறையில் எலும்பு ஏது?

அந்தக் கடல் வண்டலிலிருந்துதான், முதுகில் எலும்புத் தகடுகள் வரிசைகட்டிய டைனோசர் ஒன்று கிடைத்ததாக 1979-இல் அறிவித்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அதற்கு வைத்த பெயர் தெரியுமா? திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி! முன்பாதி திராவிட நாடு. பின்பாதி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு.

கையில் இருந்தது என்ன? மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புகள், தகடுகள், முட்கள். மண்டையின் நீளம் சுமார் 20 செ.மீ., ஒரு சாண் அளவுதான்! ஆனால் அந்த ஒரு சாண் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மற்ற கண்டங்களில் தகடு முளைத்த இந்த ஸ்டெகோசார் குடும்பம் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டது. தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் மட்டும் கடைசி வாரிசு பிழைத்திருந்ததா?

இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும்! இடத்தை நேரில் பார்த்துவிட்டு 1996-இல் அவர்கள் எழுதியது: இவை வெயிலிலும் மழையிலும் சிதைந்த பிளீசியோசார் எலும்புகள். அதாவது, துடுப்புக்கால் கொண்ட கடல் ஊர்வன. அப்படியானால் மண்டையும் தகடும் எப்படி என்று மறுதரப்பு கேட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்படி நடப்பது முதல் தடவையல்ல. 1920-களில் ஜபல்பூரில் கிடைத்த லமேட்டாசாரஸையும் கவச டைனோசர் என்றுதான் ஆய்வாளர் மாட்லி அறிவித்தார். பிறகு பார்த்தால், அதன் இடுப்பெலும்பு ஊன் தின்னும் டைனோசருடையது! வெவ்வேறு விலங்குகளின் எலும்புகள் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன. ஒரே குழியில் கிடந்தால் ஒரே விலங்கு ஆகிவிடாது. அதனால்தான் ஒவ்வொரு எலும்பும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்வது அத்தனை முக்கியம்.

இன்னொன்று தெரியுமா? அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் அரியலூர் கல்லமேட்டிலிருந்து புருகத்காயோசாரஸ் என்ற ராட்சதனையும் அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! நாம் பக்கத்தில் நின்றால் நம்மைவிட உயரம். நினைத்தாலே மனம் வலிக்கிறது, அந்த எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான்; 2022-இல் வெளியான அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அதன் உடல் அளவை உலகம் மறுபடி கணக்குப் போடுகிறது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் தினமும் லாரி லாரியாகச் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அந்தப் பக்கம் போகும்போது எலும்புபோல் ஏதாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் போய்ச் சொல்லுங்கள்.