வட்டு கிளம்பும் முன்னே

கேள்வி கேட்கிற கண்ணே, வா! இன்று உனக்கு ஒரு கோல் கீப்பரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கூடவே கொஞ்சம் மூளையைப் பற்றியும்.

ஐஸ் ஹாக்கி என்று ஓர் ஆட்டம் உண்டு. கனடாவில் பல பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணியைப் போட்டுக்கொண்டு, பனித்தரையில் வழுக்கியபடியே ஆடுவார்கள். பந்து கிடையாது. தட்டையான கறுப்பு ரப்பர் வட்டுதான். அதன் பெயர் ‘பக்’. எடை சுமார் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைகுளிரில் வைத்து எடுப்பார்கள். அப்போதுதான் துள்ளாமல் வழுக்கிப் போகும்.

இந்த ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது என்.எச்.எல். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக இப்போது 32 அணிகள். அதற்கு ஒரு படி கீழே ஏ.எச்.எல். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். பெரிய அணிகள் ஆண்டுதோறும் பதினெட்டு வயதை ஒட்டிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் பெரும்பாலோரை உடனே ஆட விடுவதில்லை. கீழ்ப்படிக்கு அனுப்பிவிடும்.

ஜோர்டன் பின்னிங்டன் என்ற பையனை செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி 2011-ல் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டின் வரிசையில் அவர் 88-ஆவது ஆள். என்.எச்.எல். ஆட்டம் ஒன்றில் முதல் நிமிடத்திலிருந்தே கோல் கம்பத்தின் முன் அவர் நின்றது எப்போது தெரியுமா? 2019 ஜனவரியில்! இடையில் 2016-ல் ஒருநாள் மாற்று ஆளாகச் சில நிமிடங்கள் நின்றார். அவ்வளவுதான்.

“தேர்ந்தெடுத்துவிட்டு ஏன் இத்தனை ஆண்டு கீழேயே வைத்திருந்தார்கள்?” என்றுதானே கேட்க வருகிறாய்? சபாஷ்! அந்தக் கேள்விக்கான விடை பாதி அவர் மூளைக்குள் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? நன்றாக ஆடுகிறவர் ஓங்கி அடித்தால் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதாவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். 12 மீட்டர் தூரத்திலிருந்து அடித்தால்? 0.3 நொடிக்குள் வலைக்குள் போய்விடும்.

இப்போது கோல் கீப்பரைப் பார். கண் பார்க்க வேண்டும். மூளைக்குப் புரிய வேண்டும். தசைக்குக் கட்டளை போக வேண்டும். கை அசையத் தொடங்குவதற்கே சுமார் 0.2 நொடி ஆகிவிடும். மிச்சம் இருப்பது 0.1 நொடிக்கும் குறைவு. அதற்குள் கனமான கையுறையைத் தூக்கிச் சரியான மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். புரிகிறதா, எவ்வளவு இக்கட்டு என்று?

எல்லா அடியும் இத்தனை வேகமாக வராது என்பது உண்மை. ஆனாலும் என்.எச்.எல். கோல் கீப்பர்கள் பத்து அடிகளில் ஏறக்குறைய ஒன்பதைத் தடுத்துவிடுகிறார்கள். எப்படி?

மாமரத்தடியில் நின்று விழுகிற காயைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். புதிதாக வருகிறவன் காய் விழத் தொடங்கிய பிறகுதான் ஓடுவான். காய் தரையில் கிடக்கும். பழகியவனின் கண் காயில் இருக்காது, கிளையில் இருக்கும். எந்தக் கொப்பு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தே அவன் இரண்டடி நகர்ந்துவிடுவான். காய் காம்பை விடும்போது அவன் கை அங்கே இருக்கும்.

கோல் கீப்பர் செய்வதும் அதேதான். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற அறிவியலாளர், பார்வை எங்கே போகிறது என்று அளக்கும் கருவியைக் கோல் கீப்பர்களுக்கு மாட்டிப் பார்த்தார். வட்டைத் தடுத்தபோதெல்லாம் அவர்களின் பார்வை பெரும்பாலும் அலையவே இல்லை. அடிப்பவர் மட்டையை வீசுவதற்கு முன்பே, மட்டையும் வட்டும் இருக்கும் இடத்தில் அசையாமல் நின்றது. சேதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. வட்டு கிளம்பும் முன்னே உடம்பு தயாராகிவிடுகிறது.

இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது, கண்ணே. ஆயிரமாயிரம் அடிகளை எதிரே நின்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப் பார்க்க மூளையே மாறுகிறது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு நிறைந்த உறை இருக்கிறது. உறை உள்ள இழையில் சேதி வேகமாக ஓடும். 2014-ல் லண்டனில் ஆய்வாளர்கள் சில சுண்டெலிகளுக்குப் புது மயலின் உருவாகாதபடி செய்தார்கள். பிறகு, படிகள் சீராக இல்லாத ஒரு சக்கரத்தில் ஓட விட்டார்கள். மற்ற சுண்டெலிகள் சீக்கிரம் பழகிக்கொண்டன. புது மயலின் உருவாகாதவையோ திணறின. மனிதருக்கும் இருபது வயதைத் தாண்டியும் மூளையில் மயலின் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி பின்னிங்டனிடம் திரும்புவோம். முதல் இரண்டு ஆண்டுகள் இளையோர் அணியில் ஆடினார். பிறகு கலமசூ என்ற ஊரில் ஈ.சி.எச்.எல். அணி. அடுத்து சிகாகோவில் ஏ.எச்.எல். அணி. 2017-ல் ப்ளூஸ் அணிக்கென்று சொந்தமாக ஏ.எச்.எல். அணி இல்லாமல் போனது. அதனால் பாஸ்டன் அணியின் கீழ் இருந்த பிராவிடன்ஸ் அணிக்கு அவரை இரவலாகக் கொடுத்தார்கள்!

மேலே அழைத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாமே என்கிறாயா? அணியில் இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தாலும் கம்பத்தின் முன் ஒருவர்தான் நிற்க முடியும். இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பார். பக்கவாட்டிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு, எதிரே வருகிற வட்டைப் படிக்கும் பயிற்சி கிடைக்காது. சின்ன ஊர், சின்ன அரங்கம், நீண்ட பேருந்துப் பயணம் என்றாலும் இரவுக்கு இரவு முப்பது அடிகளை எதிர்கொள்கிற பையனின் மூளைதான் வளர்கிறது. பதினெட்டு வயதில் ஒரு கோல் கீப்பரைப் பார்த்து “இவன் தேற மாட்டான்” என்று சொல்லவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

2019 ஜனவரி தொடக்கத்தில் ப்ளூஸ் அணி என்.எச்.எல். புள்ளிப் பட்டியலின் கடைசியில் கிடந்தது. ஜனவரி 7 அன்று பிலடெல்பியாவில் பின்னிங்டனை நிறுத்தினார்கள். ஒரு கோல்கூட விடவில்லை அவர். ஜூன் 12 அன்று, என்.எச்.எல். வெற்றியாளருக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில், பாஸ்டன் மண்ணிலேயே, அதே பாஸ்டன் அணிக்கு எதிராக 32 அடிகளைத் தடுத்தார். 1967-இலிருந்து ஆடிவந்த ப்ளூஸ் அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

கடைசியாக உனக்கு ஒரு சோதனை. 30 செ.மீ. அளவுகோலை நண்பன் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உன் விரல்களைத் தொடாமல் விரித்து வை. அவன் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும். நீ பிடிக்க வேண்டும். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீ எடுத்துக்கொண்டது சுமார் 0.2 நொடி. முதல் பத்து முறை அளவுகோலைப் பார். அடுத்த பத்து முறை நண்பனின் விரல் நுனியைப் பார். எதில் எண் குறைகிறது என்று நோட்டில் எழுதி, உன் அறிவியல் ஆசிரியரிடம் காட்டு.